பெட்டிக்குள் விழாத பதினோரு அட்டைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே ஆளுக்கொரு வலியைப் பங்கிட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்த முறை சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம், பாதியில் தடம் மாறிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது, அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உடம்பு.
2. தவக்காலத்தில் நம் பங்குக் கோயில் பள்ளியின் வாரச் செய்திகள்.
3. பதினோரு பிள்ளைகள்: ஒருவர்கூட வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை என்பது.
4. சிஸ்டரிடம் நான் சொன்னதும், பிறகு செய்ததும்.
5. உன் அம்மாவின் கோபம்.
6. உனக்கு இரண்டு புத்திமதி.

முதலாவது சீக்கிரம் முடிந்துவிடும். வலது கண்ணில் அறுவைச் சிகிச்சையைத் தவக்காலம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார், முழங்கால் மாடிப்படியில் மட்டும் முரண்டு பிடிக்கிறது, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் மாத்திரையால் அடங்கியிருந்தது, இந்த வியாழக்கிழமை என்னால் கொஞ்சம் ஏறியது, அதை ஐந்தாவதில் எழுதுகிறேன்.

பள்ளியில் தவக்காலத்தின் மூன்றாவது வாரம். ஓய்வுபெற்ற பிறகும் வாரச் செய்தித் தாளை நான்தான் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும், ஒரே தாள், இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமை மதியம் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வீட்டுக்குப் போகும். இந்த வாரம் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தினார்கள், சூசையப்பருக்குத் துணி ஒரு சாண் குறைந்துவிட்டது, ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், இவரு ஒளிஞ்சு விளையாடத் தெரியாதவரு, காலு தெரியுது" என்றதாம். மூன்றாம் வகுப்பில் ஒவ்வொருவரும் தவக்காலத்தில் எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்று சீட்டில் எழுதச் சொன்னார்கள், ஒருத்தி "தங்கச்சியோட சண்டை போடமாட்டேன், புதன்கிழமை வரைக்கும்" என்று எழுதியிருக்கிறாள், இன்னொருத்தி கணக்குப் பாடத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இரண்டையும் பெயர் இல்லாமல் தாளில் போட்டேன். புதன்கிழமை எல்லோருக்கும் ரொட்டியும் சூப்பும் மட்டும், சூப்பில் உப்பு இல்லை, அதையும் தவக்கால ஒறுத்தலாக எடுத்துக்கொள்ளும்படி சமையல்காரர் சொல்லிவிட்டார்.

இனி மூன்றாவது. இங்கேதான் என் தவறு ஆரம்பிக்கிறது, மறைக்காமல் எழுதுகிறேன். பதினான்கு நிலைகளிலும் நின்று செபிக்கும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை இதுவரை வகுப்பு நேரத்தில்தான் நடந்தது. பெற்றோரும் வந்து கலந்துகொள்ளட்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் இந்த ஆண்டு அதை மாலை நாலரைக்கு மாற்றினார். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று தாளில் போட வேண்டுமே, தலையை எண்ணினால் பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அட்டை, பதினான்காம் நிலை முடிந்து வெளியே போகும்போது வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும், நான் எண்ணிக்கொள்வேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டை தொலைந்தால் எது தொலைந்தது என்று தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றின் மூலையிலும் வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே எண் எழுதினேன். இருநூற்று முப்பத்தொரு அட்டை, இரண்டு நாள் வேலை, எழுதி முடித்து எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை பெட்டியில் இருநூற்று இருபது விழுந்தன. திங்கட்கிழமை காலை சிஸ்டர் பெட்டியைத் தன் அறைக்கு எடுத்துப்போய், எண்களைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, பதினோரு பெயர்களை எழுதிப் பெட்டியோடு எனக்கு அனுப்பிவிட்டார். மேலே "தவக்காலத்தில் தவறியவர்கள்" என்று தலைப்பு. இந்த வாரத் தாளில் கட்டம் கட்டிப் போட வேண்டும். என் எண்கள் இல்லாவிட்டால் அந்தப் பட்டியலே இல்லை மகளே. பிள்ளைகளைப் பிடிக்க நான் வலை பின்னவில்லை, ஆனால் பின்னியது என் கைதான்.

செவ்வாயும் புதனும் நான் சும்மா இருக்கவில்லை. பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக விசாரித்தேன். ஐந்து பேரின் தாய்மார் பொட்டலம் கட்டும் ஆலையில் மாலை முறைக்குப் போகிறவர்கள், பள்ளி விட்டதும் இந்தப் பிள்ளைகள்தான் ஓடிப்போய்ச் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்குக் கடைசிப் பேருந்து நாலு பத்துக்கு. ஒருத்திக்குக் காதில் சீழ், பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பதினோராவது பெண்ணை மட்டும் நேரில் பார்க்க முடியவில்லை, ஆறாம் வகுப்பு, அவளுடைய அம்மாவுக்குப் போன மாதம் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன், அதுதான் காரணமாக இருக்கும் என்று எழுதிக்கொண்டேன். ஆலைக்குப் போகும் ஒரு தாய் கதவைத் திறந்து என்னையும் கையிலிருந்த தாளையும் பார்த்ததுமே, "சார், பேரு போடாதீங்க சார், அவ அப்பாக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாரு, நான் அடுத்த வாரம் வேலைய விட்டுட்டாவது அனுப்பிடறேன்" என்றாள். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை, பட்டியல் விஷயம் எனக்கு முன்பே அவள் காதுக்கு எட்டியிருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

வியாழக்கிழமை காலை சிஸ்டர் அறைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று குறிப்பு எழுதி எடுத்துப் போயிருந்தேன், நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் இரண்டும் மறந்துபோயின, சீட்டை எடுத்துப் படிக்கக் கை வரவில்லை. சிஸ்டரை நீ தப்பாக நினைக்கக் கூடாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து கோயில் வாசலைத் தானே கூட்டுகிறவர், காதில் சீழ் வந்த பிள்ளைக்கு, நான் சொன்ன அன்று மாலையே மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "சார், இது தண்டனை இல்ல, ஒரு ஞாபகப்படுத்தல். பேரைப் பார்த்தா அடுத்த வாரம் ஓடி வருவாங்க பாருங்க" என்றார். நான் ஆலையைச் சொன்னேன், பேருந்தைச் சொன்னேன், காதைச் சொன்னேன், யாரும் வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை என்றேன். "காரணம் எல்லாருக்கும்தான் இருக்கும் சார். முன்கூட்டியே வந்து சொல்லியிருக்கலாமில்ல? ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நூறு பேருக்குக் காரணம் வரும்" என்றார். அது நியாயம்போல்தான் பட்டது, எனக்கு எதிராளி சொல்வதெல்லாம் நியாயம்போல்தான் படும், உனக்குத் தெரியும். ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஓடி வருவாங்க சிஸ்டர். என் தாளுக்குப் பயந்து வருவாங்க. அப்படி வர்றவங்களை நான் எண்ணமாட்டேன். பேரையும் போடமாட்டேன்." சிஸ்டர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஒரு நாள் யோசிங்க சார். நீங்க போடாம இருக்கமாட்டீங்க, எனக்கு உங்களைத் தெரியும்" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தாறு வருடம் இந்தப் பள்ளியில் யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்று சொல்லியிருக்கிறேன், அதை நம்பித்தான் அவர் சிரித்தார்.

நேரே அச்சு இயந்திரம் இருக்கும் சின்ன அறைக்குப் போனேன். கையெல்லாம் எப்போதும் கறுப்பாக இருப்பதால் பிள்ளைகள் மை அக்கா என்று கூப்பிடும் பெண்ணுக்குத்தான் அங்கே வேலை. பதினோரு பெயர்களுக்காக விட்டிருந்த கட்டத்தில் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே உனக்கும் எழுதுகிறேன்: "கடந்த வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் மனம் வைக்காதவர் ஒருவர். வாசலருகே உட்கார்ந்து அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த அவர் காதில் பதினான்கு நிலைகளில் ஒன்றுகூட விழவில்லை. அவர் இந்தத் தாளை எழுதுகிறவர்." அதன் கீழே என் முழுப்பெயரும் முகவரியும். மை அக்கா படித்துப் பார்த்து, "சார், இது உங்க கையெழுத்துதானே, யாராவது கழுத்துல கத்தி வச்சு எழுத வச்சாங்களா?" என்று கேட்டாள். நான்தான் எழுதினேன் என்றேன். "சரி, யாராவது கேட்டா நான் மெஷினைச் சுத்தறவ, படிக்கறவ இல்ல" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாள்.

வீட்டுக்கு வரும்போது அட்டைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் கொட்டி, கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வோர் அட்டையிலும் எண் எழுதிய மூலையை வெட்ட ஆரம்பித்தேன். எத்தனை பேர் என்று இனியும் சொல்வேன், யார் என்று யாராலும் சொல்ல முடியாது. இனி ஐந்தாவது. உன் அம்மா என்ன இது என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். "ஃபேன் ரிப்பேருக்கு வந்தவன் பேரைத் தப்பாக் கூப்பிட்டதுக்கே மூணு நாள் வருத்தப்பட்ட மனுஷன், உங்களுக்கு இந்த வயசுலதான் வீரம் வரணுமா? நான் ஞாயித்துக்கிழமை அந்தக் கோயில்லதாங்க உட்காரணும்! சிஸ்டர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று ஒரு பிடி பிடித்தாள். தாள் உங்களை விட்டுப் போய்விட்டால் வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாள். அந்த ஒரு தாள்தான் வாரத்துக்கு எனக்குத் தலையும் வாலும், அது இல்லாவிட்டால் செவ்வாயும் சனியும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மா தையல் பெட்டியிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். "கோணலா வெட்டறீங்க, தள்ளுங்க" என்றாள். கோபம் தீரவில்லை, ஆனால் பாதிக்கு மேல் வெட்டியது அவள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் தாள் எல்லாப் பைகளிலும் போய்விட்டது. சிஸ்டர் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார், "திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க சார்" என்று மட்டும் சொன்னார், இந்த முறை சிரிக்கவில்லை. அன்று மாலைச் சிலுவைப்பாதை முடிந்ததும் பங்குத்தந்தை என் தோளைத் தட்டி, "சார், அந்தக் கட்டத்துல இன்னொரு பேருக்கும் இடம் இருந்துச்சு, ஒன்பதாவது நிலையில நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றார். பிறகு முகம் மாறி, பள்ளி விஷயத்தில் முடிவு சிஸ்டருடையதுதான், தான் தலையிட முடியாது என்றும் சொல்லிவிட்டார். அதுவும் சரிதான். தாளை வேறு யாருக்காவது கொடுத்தால் கொடுக்கட்டும். பட்டியல் போட்டால்தான் தாள் என் கையில் இருக்கும் என்றால், அந்தத் தாள் எனக்கு வேண்டாம். எழுதிய இந்த வரியை அடித்துத் திருத்த மாட்டேன்.

ஆறாவதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒன்று, புது வீட்டு ஒப்பந்தத்தை மாப்பிள்ளை படித்துவிட்டார் என்பதற்காக நீ படிக்காமல் கையெழுத்துப் போடாதே. இரண்டு, பேத்தி பள்ளியில் என்ன செய்தாள் என்று கேட்கும்போது சமையலறையில் நின்றபடி கேட்காதே, உட்கார்ந்து கேள்.

கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. பேத்தியைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து எழுத மறக்காதே, போன தடவை செருப்போடு அளந்துவிட்டாய்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்தப் பதினோராவது பெண் எதிரே வந்து தன் அட்டையை நீட்டினாள். அம்மாவுக்கு உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க தாத்தா. மறந்துட்டேன்னு சொல்லலாம்னு பார்த்தேன், மறக்கல. வர்றதுக்குப் பிடிக்கல, பக்கத்து வீட்டுல கயிறு தாண்டிட்டு இருந்தேன்" என்றாள். ஆகவே மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு. பத்துப் பேரை விசாரித்துவிட்டு, பதினோராவதை நானாகவே நிரப்பிக்கொண்டேன், சிஸ்டரிடமும் அதையே உறுதியாகச் சொன்னேன். நாளை பத்து மணிக்குப் போய் முதல் வேலையாக இதை ஒப்புக்கொள்ளப் போகிறேன்: ஒரு பிள்ளை வேண்டுமென்றேதான் வரவில்லை, என் கணக்கு பிசகிவிட்டது. அது யார் என்று சிஸ்டர் கேட்பார். சொல்ல மாட்டேன்.