கொப்பரையில் தங்கிவிட்ட செம்பு

மச்சான்,

நேற்று ஓர் இரும்பு ஆணி சிவந்துபோனதைப் பார்த்தேன். சாவடியில் சாயங்கால வகுப்பு நடத்தும் வாத்தியார், கண்ணாடிக் குவளையில் மயில்துத்தத்தைக் கரைத்து அதில் ஆணியைப் போட்டார். பாடம் வாசித்து முடிப்பதற்குள் ஆணியின் மேல் செம்பு படர்ந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. நம் கொப்பரை கண் முன்னால் வந்துவிட்டது.

இதை நானேதான் எழுதுகிறேன். நீ இருந்தபோது நாம் இரண்டு பேருமே கைநாட்டு. இப்போது எனக்கு எழுத்து வந்துவிட்டது மச்சான்! 'ழ' போடும்போது மட்டும் கை கொஞ்சம் தடுமாறுகிறது. கடைப் பலகை, பொட்டலம் கட்டிய காகிதம், எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டு வாசிக்கிறேன். "தாத்தா, இது இன்னான்னு படி பாப்போம்" என்று தெருவில் கேலி செய்கிறார்கள். படித்துக் காட்டிவிட்டுத்தான் நகர்கிறேன்.

பாகூர் வாய்க்கால் ஓரம் நாம் கூட்டாகப் போட்ட வெற்றிலைக் கொடிக்காலை நீ மறந்திருக்கமாட்டாய். எனக்காவது கொஞ்சம் கரும்பு இருந்தது. உனக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அந்த மழைக்காலத்தில் கொடிகள் அடியில் கறுத்து, இலை தொங்கி, வரிசை வரிசையாக வாடத் தொடங்கின. புதுச்சேரியிலிருந்து விவசாய அதிகாரி, அந்த வெள்ளைக்கார முசியே, வந்து பார்த்தார். துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பொர்தோ மருந்தை வேரில் ஊற்றச் சொன்னார். மரப் பீப்பாயில் கரைக்கவேண்டும் என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் மரப் பீப்பாய் என்றால் சாராயக் கடையில்தான் உண்டு. நீ முகத்தைச் சுளித்தாய்.

"சாராயம் ஊறுன பீப்பாவ நான் தொடமாட்டேன் மச்சான். தொழுவுற கை இது."

"கழுவிட்டா போச்சு."

"நீ கழுவு. நாத்தம் எங்க போவும்? ஒங்கிட்ட வெல்லக் கொப்பரை சும்மாதான கெடக்குது? அதுல கரைப்போம்."

கரும்புச்சாறு காய்ச்சும் அந்த இரும்புக் கொப்பரையைவிடப் பெரிய, சுத்தமான பாத்திரம் நமக்கு ஏது? துத்தத்தைக் கொட்டி, தண்ணீர் விட்டு மூடி வைத்தோம். காலையில் திறந்தால், தண்ணீர் நின்ற மட்டம் வரை உள்ளே செக்கச்செவேல் என்று செம்பு. நீ குதித்தாய்.

"இன்னா மச்சான் இது! இரும்பு செம்பாயிடுச்சு! மருந்துன்னா இதான் மருந்து!"

ஊரே வந்து பார்த்தது. "பாய், எங்க வூட்டுக் கடப்பாறையையும் கொஞ்சம் முக்கி எடு" என்று ஒருவர் கேட்டார். மயில் கழுத்து நிறத்தில் இருந்த தண்ணீர் வெளுத்துப் பச்சையாகியிருந்தது. துத்தம் நன்றாகக் கரைந்துவிட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டோம். சுண்ணாம்புப் பாலை ஊற்றியதும் முசியே சொன்ன வானத்து நீலம் வரவில்லை. அழுக்குப் பச்சையில் சேறாகத் திரண்டு, வெயில் ஏற ஏறத் துரு நிறமாயிற்று. அதையே வேருக்கெல்லாம் ஊற்றினோம்.

கொடி வாடுவது நிற்கவில்லை. தொங்கிய கொடிகளை நீ தூக்கித் தூக்கி அகத்தி மரத்தில் கட்டினாய். மறுநாள் அவை மறுபடி தொங்கின. நான் வாழைநாரை எடுத்துக் கொடுத்தபடி உன் பின்னால் நடந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கொடிக்காலை அதே மருந்து காப்பாற்றிவிட்டது என்று செய்தி வந்தது. அதுதான் உன் வீட்டைப் பிடித்தது. "அங்க கேட்ட மருந்து இங்க கேக்கலன்னா, உள்ள தீட்டு பட்டிருக்கு" என்றார்கள். செருப்புக் காலோடு கொடிக்காலுக்குள் போகக்கூடாது, வீட்டுக்கு விலக்கான பெண்கள் போகக்கூடாது என்பது நம் வழக்கம். உனக்குக் கஞ்சி கொண்டுவந்த உன் மனைவியைக் கை காட்டினார்கள்.

"நான் படலுக்கு வெளியிலயேதான் நின்னேன். உள்ள கால் வெக்கல" என்று அவள் உன்னிடம் சொன்னபோது நானும் இருந்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

"தங்கச்சி சொல்றது நெசம்டா" என்றேன்.

"ஒனக்கு எப்டித் தெரியும்?" என்றாய்.

எனக்கு எப்படித் தெரியும்?

கொடிக்கால் முழுதும் போயிற்று. நீ கூலிக்குப் போனாய். அவளை நீ ஒரு நாளும் திட்டியதில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாய், அவ்வளவுதான். சோறு வைத்தால் சாப்பிட்டாய். இன்னும் கொஞ்சம் வை என்று கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில்கூடத் தாகம் எடுத்தால் என் முகத்தைப் பார்த்தாய். அவள் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பொருள்கள் மாறும் விதத்தை வாத்தியாரின் புத்தகத்தில் நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு ஒன்றாகச் சேர்வது. ஒன்று பலவாகப் பிரிவது. ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காருவது. இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது. துத்தமும் சுண்ணாம்பும் கலப்பது நாலாவது வகை; அதுதான் மருந்து. நம் கொப்பரையில் அதற்கு முன்பே மூன்றாவது நடந்து முடிந்துவிட்டது. இரும்பு தண்ணீருக்குள் இறங்கி, துத்தத்தில் இருந்த செம்பை வெளியே தள்ளிவிட்டது. பிறகு வந்த துரு நிறம், காற்றிலுள்ள பிராணவாயு அந்த இரும்பைப் பிடித்ததால் வந்ததாம்.

பலகையில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் எவ்வளவு உண்டோ அந்தப் பக்கமும் அவ்வளவு இருக்கவேண்டும், எதுவும் காணாமல் போகாது என்றார் வாத்தியார். கொப்பரைக் கதையைச் சொல்லி, "அப்ப எங்க மருந்து எங்கங்க போச்சு?" என்று கேட்டேன்.

"செம்புதான் மருந்து. அது கொப்பரையிலதான் ஒட்டிக்கினு இருந்திருக்கு பெரியவரே" என்றார்.

மருந்து அங்கே மினுங்கிக்கொண்டிருந்தது மச்சான். நாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கொடிக்கு இரும்புத் தண்ணீரை ஊற்றினோம். நல்ல மருந்து ஊற்றியிருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. மருந்தே ஊற்றவில்லை என்பது இப்போது தெரிகிறது.

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். தங்கச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி அந்தப் பக்கம் முழுதும் வாசித்தேன்.

"அட, படிக்கக் கத்துக்கினியாண்ணே!" என்று அவள் சிரித்தாள்.

"அத விடு. கேட்டியா? ஒம்மேல தப்பே இல்ல. பொஸ்தகத்துலயே போட்டிருக்கு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் உள்ள போவலன்னு எனக்குத் தெரியாதாண்ணே? எனக்கு எதுக்குப் படிக்கிற? அவருக்குப் படிச்சுக் காட்டு."

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். இறக்கிவைக்க இடம் தெரியவில்லை. நாளை பள்ளிவாசலுக்குப் பின்னால், உன்னை அடக்கம் செய்த இடத்துக்கு வந்து, உன் தலைமாட்டில் உட்கார்ந்து, இதைச் சத்தமாக வாசிக்கப்போகிறேன். கேட்குமா என்று தெரியாது. நான் வாசிக்க நேரமாகும், பொறுத்துக்கொள். அவள் உள்ளே கால் வைக்கவில்லை என்ற ஒரு வரியை மட்டும் எங்கும் தட்டாமல் சொல்லிவிடவேண்டும். அதைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுகிறேன்.