பின்னால் நிற்கும் ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் குறையொன்றும் இல்லை.

சின்ன டிராக்டருக்குப் பின்னால் எந்தக் கருவியை மாட்டலாம் என்று தம்பி உங்களை விட்டுக் கேட்டிருக்கிறான். அவனே கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நிலத்தை அவன் பெயருக்கு எழுதியபோது மட்டும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும்.

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் அகலமானது வேண்டாம். அதைத் தூக்கினால் வண்டியின் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். குறுகலானதே போதும்.

போன வாரம் இங்கே நான் வேலை பார்க்கும் கிடங்கில் அப்படி ஒன்றை மாட்டும்போது என் இடக்கை விரல்கள் வண்டிக்கும் கருவிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டன. பெரிதாக ஒன்றுமில்லை. "படிச்ச மனுஷன், கையை எங்க வைக்கணும்னு தெரியாதா?" என்று மேஸ்திரி சிரித்தார். காலையில் சட்டைப் பொத்தான் போடுவதுதான் பாடாக இருக்கிறது.

நான் ஊரில் இருந்தபோது பழைய வண்டியைத் தம்பி பின்பக்கமாக ஓட்டி வருவான். நான் கருவியருகே நின்று இணைப்பு ஆணியைச் செருகுவேன். இப்போது அந்த இடத்தில் நீங்கள் நிற்பதாக அம்மா எழுதியிருந்தாள். தயவுசெய்து நிற்காதீர்கள். இருக்கையில் இருந்தபடியே கருவியைக் கோத்துக்கொள்ளும் கொக்கிச் சட்டம் ஒன்று விற்கிறது. அதையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு மிச்ச இணைப்புகளை அவனே இறங்கி மாட்டலாம். பின்னால் நிற்க நீங்கள் வேண்டாம், நானும் வேண்டியதில்லை.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உங்கள் மூத்தவன்