ஆறாவது ஆளின் ஐந்து நிமிடம்

9-7-2007, திங்கள்

மதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு வணக்கம். எட்டு நாட்களாக ஒரு வரியும் எழுதாத தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். காரணம் சோம்பல் அன்று. படிப்பு.

வெயில் கடுமை. கடற்காற்று ஐந்து மணிக்கு மேல்தான்.

தங்கை வசந்தா எட்டு நாள் முன்பு, ஞாயிறன்று, பிரான்சுக்குத் திரும்பினாள். போகும்போது தன் பழைய பாட்டுக் கருவியை என் கையில் வைத்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. மேலே சிறு திரை, கீழே விரலால் சுற்றும் வட்டம், வட்டத்தின் நடுவில் ஒரு பொத்தான். "அக்கா, இத அமுக்குனா பாடும், இத அமுக்குனா நிக்கும். மத்ததுல கைய வெக்காத, கெட்டுப் போயிடும்" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

கை வைத்தேன். எல்லாவற்றிலும்.

திரையில் உள்ள சொற்கள் யாவும் பிரெஞ்சு. மொழியை மாற்றும் இடத்தையும் கண்டுபிடித்தேன். ஏகப்பட்ட மொழிகள். தமிழ் இல்லை. ஆதலால் ஆங்கிலத்துக்கு மாற்றவும் எனக்கு மனமில்லை. நூலகத்து அகராதியின் துணையோடு ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கண்டேன். இதுவரை அறிந்தவை:

– பாட்டுகள், 41. தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன.
– நாட்காட்டி. நம் பண்டிகை ஒன்றும் அதற்குத் தெரியாது.
– எழுப்பும் மணி. காதுக்குழலுக்குள் மட்டுமே ஒலிக்கிறது. உபயோகமில்லை.
– 'குரோனோமேத்ரு'. நேரம் அளப்பது. ஓட விட்டு வேறு பக்கம் போனாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அருமை.
– விளையாட்டு மூன்று. சீட்டு அடுக்குவது, பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு அது எதுவெனச் சொல்வது, பந்தால் செங்கல் உடைப்பது.

செங்கல் உடைப்பதில் இன்று 212 புள்ளி. துணி ஊற வைத்ததை மறந்தேன்.

10-7-2007, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

கருவியை வேலைக்கு எடுத்துச் சென்றேன். சேதராப்பட்டு, சோப்புக் கம்பெனி, பேக்கிங் பிரிவு. ஒரு மேசைக்கு ஆறு பெண்கள். எங்கள் மேசையில் மூத்தவர் சரோஜா அக்கா (இனி ச.அ.). கடைசி இடம் நாகம்மாவுடையது. விடியலில் கத்தரிக்காய் பறித்துப் பெரிய மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டு வேலைக்கு வருபவள். மற்ற மூவரும் சிறியவர்கள்.

உணவு இடைவேளை 12.30 முதல் 1.00 வரை. செங்கல் விளையாட்டைக் காட்டியதும் ஆறு பேருக்கும் ஆசை. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று விதி செய்தேன். ஒருத்தி ஆடுவாள், ஐவர் சாப்பிடுவார்கள். குரோனோமேத்ரு பின்னால் ஓட, ஐந்தாவது நிமிடத்தில் நான் வாங்கி அடுத்தவளிடம் தருவேன். உட்கார்ந்திருக்கும் வரிசையே ஆட்ட வரிசை.

ச.அ.வுக்குப் பந்து வலப்பக்கம் போனால் உடலும் வலப்பக்கம் போயிற்று. சாம்பார் கொட்டியது. சிரித்து மாளவில்லை.

நாகம்மா கையைச் சேலையில் துடைத்து வாங்கிய உடனே வேலை மணி அடித்துவிட்டது. நாளைக்கு நீதான் என்று தேற்றினேன்.

11-7-2007, புதன்

மீண்டும் வெயில். முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும்.

இன்றும் அதே விதி. ஆனால் வரிசையை மாற்ற ச.அ. ஒப்பவில்லை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாதாம். ஆகவே நாகம்மா மீண்டும் ஆறாவது. மீண்டும் ஒரு செங்கல் உடைவதற்குள் மணி.

கருவியை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "உன் மெஷினுக்கு ஆளு பாத்து ஓடத் தெரியுது புலவரே."

புலவர் என்பது நான் நூலகம் போவதால் அவர்கள் வைத்த பெயர். அதற்கு நான் வருந்தியதே இல்லை. இதற்கு வருந்தினேன். ஐவருக்கும் ஐந்து ஐந்தாகத்தான் கொடுத்தேன். ஆறைந்து முப்பது. இடைவேளை முப்பது. எங்கே போயிற்று மீதி?

பழியோடு ஒரு மேசையில் உட்கார மாட்டேன்.

12-7-2007, வியாழன்

முதலில் கருவியைச் சோதித்தேன். காலை வானொலியில் மணி சொன்னதும் ஓட விட்டு, அடுத்து மணி சொன்னதும் நிறுத்தினேன். அரைமணிக்கு அரைமணி. கருவியில் பொய் இல்லை.

மதியம் யாரையும் ஆட விடவில்லை. உணவு மணி அடித்ததும் அழுத்தினேன். வேலை மணி அடித்ததும் அழுத்தினேன். 26 நிமிடம் 4 வினாடி.

மணியின் பொத்தான் சூப்பர்வைசர் தனசேகர் மேசையில். அவர் தலைக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம். நாள் முழுதும் அவர் கண்ணையே பார்த்தேன். மணி அடிக்கும் முன் அவர் பார்ப்பது:

காலை 8.30, வேலை தொடங்க: கைக்கடிகாரம்.
12.30, சாப்பிட: சுவர்.
1.00, மீண்டும் வேலைக்கு: கைக்கடிகாரம்.
மாலை 5.30, வீட்டுக்கு: சுவர்.

கைக்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. வேலைக்கு அழைக்க அது. வேலையிலிருந்து விட இது. நான்கு ஆண்டுகளாக அந்த மணிக்கு நான் ஓடியிருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மீதே கோபம்.

இரவு உணவு: கருவாடு. உண்ணும் எண்ணம் இல்லை, உண்டேன்.

13-7-2007, வெள்ளி

ஊரில் கொடி கட்டுகிறார்கள். நாளை பிரெஞ்சுக்காரரின் தேசியத் திருநாள், அவர்கள் ஆண்ட ஊர் இது. எங்களுக்கு வழக்கம் போல் வேலை.

வேலை தொடங்கும் முன்பே தனசேகரிடம் போனேன். சொல்ல வேண்டியதை இரவே மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கைக்கடிகாரம் முந்தி ஓடுவதையும் எங்களுக்கு இடைவேளை குறைவதையும் பணிவாகவே தெரிவித்தேன். அவர் சிரித்தார்.

"பஸ்ஸ வுட்டுடக் கூடாதுன்னு ஏத்தி வெச்சிருக்கேம்மா. ஊர்ல எல்லாரும் வெக்கிறதுதான்."

"அப்படின்னா சாயங்காலமும் அதையே பாத்து மணி அடிங்க ஐயா" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைச் சுட்டது. எதை வைத்து அளந்தாய் என்று கேட்டார். காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். வேலை இடத்தில் விளையாட்டுச் சாமான் கூடாது என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அப்படி ஒரு விதி இருப்பது இன்றுதான் தெரிந்தது.

பஸ்ஸில் ச.அ. என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கை கொடுத்த பொருளை நான்கு நிமிடத்துக்காக விட்டுவிட்டாயே என்று ஆற்றாமைப்பட்டார். போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டால் தந்துவிடுவார் என்றார்.

இறங்கும் இடத்தில் நாகம்மா என் பக்கம் வந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள்.

"போனது என் நிமிஷம்க்கா. நீ ஏன் தனியா நிக்கிற?"

அவ்வளவே. இறங்கிப் போய்விட்டாள்.

14-7-2007, சனி

காலையில் சிறு தூறல்.

கருவி இல்லாமல் நான்கு நிமிடத்தை அளப்பது எப்படி? ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் அந்தக் கருவி காட்டும். நாற்பத்தொன்றையும் கேட்டு, எண்ணிட்டு, நீளத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பழைய காதல் பாட்டு ஒன்று, 3 நிமிடம் 58 வினாடி. வேலை மணிக்குப் பின் இதைப் பாடி முடிக்கும் வரை எழுவதில்லை என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். சேர விரும்புபவர் சேரலாம்.

வேலை மணி அடித்தது. மற்ற மேசைகள் எழுந்தன. நான் எழவில்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினேன். என் குரல் நல்ல குரல் அன்று. இரண்டாம் வரியில் நாகம்மா சேர்ந்தாள். அவளுக்குச் சுருதியே இல்லை. பிறகு சிறியவர்கள். இடையில் வரும் இசையையும் விடக் கூடாது, விட்டால் நேரம் குறையும். அதை வாயாலேயே வாசித்தோம். தனசேகர் வந்து நின்றார். எழுந்திருக்கச் சொன்னார். சரணத்தில் ச.அ. குரல் கேட்டது. தலையைக் குனிந்தபடி, ஆனால் கேட்டது.

முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒன்று. எழுந்து கை கழுவிச் சோப்பு சுற்றப் போனோம். ஒருத்தியும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை என்னை மட்டும் அழைத்தார். திங்கட்கிழமை மேலாளர் பெயருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி வர வேண்டும். எழுதினால் கருவி கையில். எழுதாவிட்டால் திங்களோடு வேலைக்கு வர வேண்டியதில்லை.

"உனக்குத்தான் எழுத நல்லா வருமேம்மா" என்றார்.

வரும்.

15-7-2007, ஞாயிறு

புழுக்கம். மாவு அரைத்து வந்தாயிற்று. முறுக்கு நாளை.

வீட்டில் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் பார் என்பார். வேலை போனால் அடுத்த வேலை எளிதில் கிடைக்காது, எனக்கு வயது நாற்பத்திரண்டு. இதை மறந்து ஒன்றும் செய்யவில்லை.

'மன்னிப்புக் கடிதம்' என்று தலைப்பிட்டேன். அடித்தேன். தனசேகர் நாளை ஒரு நாள் மட்டும் எச்சரிக்கையாக மணியைச் சரியாக அடித்துவிட்டால்? அடிக்கட்டும். நாங்கள் கேட்பது அதைத்தான். மூன்று தாள் வீண். நான்காவது நிற்கிறது. நகல்:

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பேக்கிங் பிரிவில் பணிபுரியும் கற்பகம் எழுதுவது. என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் செய்த குற்றம் நேரத்தை அளந்தது. அதைத் தாங்களும் அளந்து பார்க்க வேண்டுகிறேன்.

என் பாட்டுக் கருவி சூப்பர்வைசரின் இழுப்பறையில் உள்ளது. வட்டத்தை விரலால் சுற்றி 'எக்ஸ்த்ரா' என்னும் வரிக்கு வந்து நடுப்பொத்தானை அழுத்தவும். அதனுள் 'குரோனோமேத்ரு' என்பதைத் திறக்கவும். சொற்கள் பிரெஞ்சில் இருக்கும், அஞ்ச வேண்டாம். உணவு மணி ஒலிக்கையில் ஒரு முறை அழுத்தவும். வேலை மணி ஒலிக்கையில் மறுமுறை அழுத்தவும்.

முப்பது நிமிடம் காட்டினால், நாள்தோறும் அவ்வாறே அடிக்கச் சொல்லவும். குறைவாகக் காட்டினால், காரணத்தை எங்கள் மேசைக்கு எழுத்தில் தரவும். மன்னிப்பு என்னிடமிருந்து வராது. கீழே மேசையின் மற்ற ஐவர் கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அவர்கள் இடுவதும் இடாததும் அவர்கள் விருப்பம்.

கருவியில் மின்சாரம் பாதிக்கும் குறைவாகவே உள்ளது. ஆகவே விரைந்து பதில் தரவும்.