விளிம்பு வரை தேநீர்

அன்புத் தோழி,

நம் கிர்கிஸ் நாட்டு ஓஷ் நகரில் உங்கள் வீட்டு மல்பெரி மரத்தடியில் குடித்த தேநீர் இன்னும் என் நாவில் இருக்கிறது. உனக்கு உன் அம்மா பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார். எனக்கு மட்டும் விளிம்பு வரை. ஏழு வயதில் எனக்கு அது எவ்வளவு பெருமை!

வீட்டில் போய்ச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்த என் அம்மா நிறுத்தினாள். "வேண்டியவங்களுக்குப் பாதிதான்டி ஊத்துவாங்க, மறுபடி மறுபடி ஊத்தறதுக்கு. நிறைச்சுக் குடுத்தா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். நாம முகாத் சனம்டி, அவங்க கண்ணுக்கு நாடோடிக் கூட்டம்."

மறுநாளும் வந்தேன். நீ இருந்தாயே.

இப்போது நீ தலைமையாசிரியை. ஐந்தாவது படிக்கும் என் மகள் சனோபரை, எங்கள் தெருப் பிள்ளைகளோடு பின்கட்டு அறையில் தனியாக உட்கார வைத்திருக்கிறாய். கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகம். போன வாரம் கேட்க வந்தேன். "அவங்க வேகத்துக்குச் சொல்லித் தர்றோம், வேற ஒண்ணுமில்ல" என்று அன்பாகத்தான் சொன்னாய். சொல்லிக்கொண்டே என் கிண்ணத்தை விளிம்பு வரை நிறைத்தாய். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

திங்கட்கிழமை மறுபடி வருகிறேன். பாதி ஊற்று. பேச நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
அதே பள்ளியில், மூன்றாம் வரிசையில், உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.