பட்டறையில் கேட்கிறது, வீட்டில் கேட்கவில்லை

காஜா பேராங்,
மலாக்கா.
4-8-1957

அன்புள்ள மாமாவுக்கு,

அஞ்சலை எழுதுவது. இங்கே நான் நலம், பட்டறை நலம், வீட்டு ரேடியோவும் நலம். அது நலமில்லை என்று நீங்கள் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எழுதினாலும் அது நலமாகத்தான் இருக்கிறது. நேற்று மாலை வீணைக் கச்சேரி வைத்தார்கள். ஒரு மீட்டல் விடாமல் கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம் கும்மென்று நெஞ்சில் வந்து விழுந்தது. அந்த இடது பக்கச் சத்தம்தான் இந்தப் பெட்டியில் வருவதே இல்லை என்று சொல்லி, எத்தனை தடவை அதன் முதுகைக் கழற்றிப் போட்டீர்கள்! அந்தத் திருகாணிகளுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. காதுக்குள் வண்டு இரைகிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த உங்களைக் காது டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்த பூங்காவனம் அக்காவுக்கு என் கும்பிடு. கூடப் பிறந்த அக்கா என்பதால் அதட்ட முடிகிறது. நான் சொன்னால் நடக்குமா?

காதுக்குள் நொய்யரிசி அளவில் ஓர் எலும்பு இறுகிப் போயிருக்கிறது, ஆப்பரேஷன் செய்து அதை அசைத்துவிட்டால் காது திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு, இருபதாம் தேதிக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். நீங்கள் சம்மதிக்காமல் திரும்பி வரப் போகிறீர்களாம். காரணமும் எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் லோரி உறுமிக்கொண்டிருக்கும்போதும் அங்கே உள்ள ரேடியோவில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது, ஓடுகிற காரில் அதைவிடத் தெளிவாகக் கேட்கிறது, செவிட்டுக் காதுக்கு இப்படிக் கேட்குமா, ஆகவே கோளாறு வீட்டு ரேடியோவில்தான் என்கிறீர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். படித்தவுடன் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டாக்டரைக் கேலி செய்து ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஓடுகிற பஸ்ஸில் பேச்சு நன்றாகக் கேட்கிறதா என்று அவர் கேட்டாராம். நீங்கள் ஆமாம் என்றீர்களாம். அதைக் கேட்டு முகம் மலர்ந்துபோய் ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டாராம். இவரெல்லாம் ஒரு டாக்டரா என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. அவ்வளவு படித்த மனிதர் பஸ்ஸைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? சோறு வடிக்கும்போதும் அதே யோசனை, துணி துவைக்கும்போதும் அதே யோசனை. இரண்டு நாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

கடைசியில் நானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பட்டறையில் வேலையாக இருந்த நல்லையாவைக் கூப்பிட்டு, வீட்டு ரேடியோவைப் பட்டறைக்குத் தூக்கிப் போவோம் என்றேன். அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். வாசலைத் தாண்டவில்லை, அவன் பெண்டாட்டி கோகிலா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள். ‘ஒங்களுக்குப் புத்தி இருக்காக்கா, இதைப் போய் இப்பத் தூக்கலாமா’ என்று ஒரே திட்டு. அன்றிலிருந்து தண்ணீர் வாளியைக்கூட என்னைத் தொட விடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு இருக்கிற அக்கறை.

கடைசியில் நல்லையாவே ரேடியோவைப் பட்டறைக்குத் தூக்கி வந்து வைக்க, பக்கத்திலேயே லோரி எஞ்சினையும் ஓட விட்டோம். எனக்கு வீணையும் கேட்கவில்லை, மிருதங்கமும் கேட்கவில்லை. எல்லாம் எஞ்சின்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் தேன் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு அங்கே இனிக்கிறது, எனக்கு இங்கே இனிக்கிறது. பெட்டியில் குறையே இல்லை. இது எப்படி? நல்லையாவிடம் கேட்டால் தகரக் கூரையின் குணம் என்கிறான். வீட்டுக்கும் தகரக் கூரைதானே என்றேன்.

முப்பத்தோராம் தேதி சுதந்திர அறிவிப்பைத் தெருவே கேட்கும்படி நம் லோரியில் ஒலிபெருக்கி கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். அதற்காகவாவது வந்தே ஆக வேண்டுமாம். நீங்கள் ஒலிபெருக்கி கட்டாவிட்டால் சுதந்திரம் சிங்கப்பூரிலேயே இறங்கிவிடுமா? நல்லையாவுக்குக் கட்டத் தெரியும். சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல எனக்குக் காது இருக்கிறது.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன், கை நிற்கவில்லை. நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னேன். எட்டு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி, சொல்லக் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்த விஷயம். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பிறகு திரும்பி ரேடியோக் குமிழைத் திருகப் போய்விட்டீர்கள். அவ்வளவுதானா மாமா? நான் அடுப்படியில் போய் அழுதேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா சமைத்துப் போடுகிறார் என்று கருவாட்டை ஒரு பிடி பிடிக்காதீர்கள்.

கோபம் பாதி, குழப்பம் பாதியாக,
அஞ்சலை

—

காஜா பேராங்,
மலாக்கா.
13-8-1957

என் அன்பு மாமா,

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள். என் மேல் ஆணை. டாக்டர் ஏன் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை டாக்சிக்காரர் கலியாணசுந்தரம் சண்டைக்கு வருகிற மாதிரி வந்தார். போன தீபாவளிக்கு அவர் காரில் நீங்கள் ரேடியோ பூட்டி, பின் சீட்டுக்கு அடியில் தேயிலைப் பெட்டிப் பலகையில் பெரிய ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தீர்களே, அதைக் கழற்று என்கிறார். செமாபோக்கில் ஏறிய ஓர் அம்மாள், வயிற்றுக்குள் பூந்து உடுக்கை அடிக்கிறது என்று பாதி வழியில் இறங்கிப் போய்விட்டாராம். ‘தம்பிராஜா கைராசிக்காரன்னு நெனச்சேன், என்னாச்சு அந்த ஆளுக்கு’ என்றார். உங்களை ஒருவர் குறை சொன்னால் நான் சும்மா இருப்பேனா? காரில் ஏறி உட்கார்ந்தேன், புக்கிட் ரம்பாய் வரை ஓட்டச் சொன்னேன். மாமா, அவர் சொன்னது பொய்யில்லை. பாடுகிறவர் எங்கேயோ கிணற்றுக்குள் கிடக்கிறார். மேலே ஒரே தொம் தொம்.

திரும்பி வரும்போது காசிவிஸ்வநாதன் செட்டியார் கார் கண்ணில் பட்டது. அதிலும் உங்கள் கைவேலைதான். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் செய்தது. வெட்கத்தை விட்டு அவர் மனைவி உமையாள் ஆச்சியிடம் கேட்டு ஏறி உட்கார்ந்து கேட்டேன். அடடா! பாட்டு பாட்டின் இடத்தில், மிருதங்கம் மிருதங்கத்தின் இடத்தில். கண்ணை மூடினால் கச்சேரிக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆச்சி எனக்குக் காபி கொடுத்து, கார் ரேடியோவுக்கு இப்படி ஒரு ரசிகையை நான் பார்த்ததில்லை என்று சிரித்தார். எனக்குத்தான் யோசனை ஓடியது. அதே கைதானே இதையும் செய்தது, அதையும் செய்தது?

வீட்டுக்கு வந்ததும் ஒரு கிறுக்கு வேலை செய்தேன். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் இரண்டு உருண்டை எடுத்துப் பஞ்சில் சுற்றி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அடைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். முதலில் போனது மிருதங்கத்தின் இடது பக்கம். தோல் தட்டுகிற சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்தில் கேட்டது. நீங்கள் சொல்வீர்களே, யாரோ விரலால் முறம் தட்டுகிறார்கள் என்று, அப்படியே. குமிழைத் திருகினேன், இன்னும் திருகினேன். தமிழ் மறந்து மலாய் பேசுகிற நம் சிட்டி இனத்து அப்பாசாமி வேலிப் பக்கம் வந்து, வழக்கம்போல் மெதுவாக வை மகளே என்று மலாயில் சொல்லியிருப்பார், கையை ஆட்டினார். அவர் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் சிரித்துத் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் எல்லாரிடமும் இப்படித்தானே தலையை ஆட்டுகிறீர்கள்?

மாவு வைத்த காதோடு பட்டறைக்குப் போனேன். நல்லையா எஞ்சினை ஓட விட்டு, பட்டறை ரேடியோவையும் முழுக்கத் திருகி வைத்திருந்தான். பட்டறையில் யார் மெதுவாக வை என்று சொல்லப் போகிறார்கள்? அங்கே நடந்ததைக் கேளுங்கள். லோரி உறுமல் எனக்குப் பாதியாக இறங்கிவிட்டது. பாட்டு அந்த உறுமலுக்கு மேலே எழுந்து வந்து நின்றது. நல்லையா எஞ்சினுக்கு மேல் கத்திப் பேசியதால் அவன் பேச்சும் தெளிவாகக் கேட்டது. வீட்டில் அதே நல்லையா சாதாரணமாகப் பேசியபோது வாய் அசைவு மட்டும்தான் தெரிந்தது. இதுதான் மாமா விஷயம். சத்தத்தில் எல்லாரும் கத்துகிறார்கள், ரேடியோவும் கத்துகிறது, அதனால் உங்களுக்குக் கேட்கிறது. பஸ்ஸிலும் அதே கதை. டாக்டர் கேலிக்குக் கேட்கவில்லை. உங்கள் காதில் என்ன வியாதி என்பதைப் பஸ்ஸை வைத்தே தெரிந்துகொண்டார்.

பாவம் அந்தப் பெட்டி. எத்தனை தடவை அதைக் குடைந்திருப்பீர்கள். இல்லாத இடது பக்கத்தைத் தேடித்தான் கலியாணசுந்தரம் காரில் அவ்வளவு பெரிய தொம் தொம்மையும் வைத்தீர்கள். உங்களுக்கு அது அளவாகக் கேட்டிருக்கும்.

இன்னொன்று நடந்தது. பட்டறையிலேயே, நான் நல்லையாவிடம் ஸ்பானரை எடுத்து வை என்றேன். அவன் ‘என்னக்கா முணுமுணுக்கிறீங்க’ என்றான். மறுபடி சொன்னேன். அவனுக்குக் கேட்கவே இல்லை. எனக்கோ என் குரல் மண்டைக்குள் அண்டா உருட்டின மாதிரி முழங்குகிறது. கத்துகிறோமே என்று நான்தான் குரலைத் தணித்துப் பேசியிருக்கிறேன். அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்த இரண்டு வருஷமாக நீங்கள் தணிந்து தணிந்து பேசினீர்கள். தம்பிராஜா எவ்வளவு பதவிசு என்று ஊரே மெச்சியது. எனக்கு மட்டும், இந்த மனிதருக்கு என்னோடு வாய் திறந்து பேசவே பிடிக்கவில்லை என்று உள்ளே எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். உங்கள் குரல் உங்களுக்கே பெரிதாகக் கேட்டிருக்கிறது. அழுதேன். நல்லையா பயந்துபோய்க் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் தேங்காய் எண்ணெயும் கொண்டை ஊசியும் கொண்டுவந்து காதிலிருந்து மாவை எடுப்பதற்குள் என் பிராணன் போய் வந்தது. பாதி மாவு காய்ந்துவிட்டது. அவள் திட்டிய திட்டு மாவோடு இருந்தும் நன்றாகக் கேட்டது.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். எலும்பைத் தொடப் போய், இருக்கிற கொஞ்சமும் போய்விட்டால் பாட்டில்லாமல் நான் என்ன செய்வேன் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். ரேடியோ, லோரி, பட்டறை, சுதந்திரம் என்று அத்தனை காரணம் எழுதியதும் இந்த ஒரு வரியை மூடத்தானே? எனக்கும் பயமாக இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காதைத்தான் இப்போது தொடுவார், மற்றது அப்படியே இருக்கும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். இன்றைக்கே நீங்கள் கேட்பது பாதிப் பாட்டு. மீதியைப் பழைய ஞாபகத்தில் நீங்களே போட்டு நிரப்பிக்கொள்கிறீர்கள். பழைய பாட்டுக்கு அது சரி. இதுவரை கேட்டே இராத ஒரு குரலுக்கு எதைப் போட்டு நிரப்புவீர்கள்?

போன கடிதத்தில் கோபித்துக்கொண்டேன் அல்லவா, நான் சொன்ன விஷயத்துக்குத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனீர்கள் என்று. உங்கள் பதிலில் அதைப் பற்றி, என்ன சொன்னாய், மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை மாமா, அது உங்கள் காதுக்கு வந்தே சேரவில்லை. அன்று வீடு அமைதியாக இருந்தது, நான் மெதுவாகச் சொன்னேன். அது கத்திச் சொல்கிற விஷயமா? அப்பாசாமிக்கும் கேட்கும்படி வேலி தாண்டியா சொல்வது?

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போய்ச் சரி என்று சொல்லுங்கள், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவருக்குக் கேட்க வேண்டும். லோரிக்கு ஒலிபெருக்கி நாங்கள் கட்டிக்கொள்கிறோம். கலியாணசுந்தரம் காரை நீங்கள் வந்து சரி செய்யுங்கள், அதுவரை பொறுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். அக்காவைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

முருகன் உங்கள் காதோரம் நிற்கட்டும். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வாருங்கள். ரேடியோவை நிறுத்தி வைக்கிறேன். பட்டறைக் கதவையும் சாத்தச் சொல்கிறேன். அன்றைக்குச் சொன்னதையே, அன்றைக்குச் சொன்ன அதே குரலில், இன்னொரு தடவை சொல்கிறேன். அதை நீங்கள் கேட்க வேண்டும் மாமா. கேட்காமல் தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

உங்கள் வரவுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்,
அஞ்சலை