நாலாவது மாடிச் சாரம்

என் கோபக்காரிக்கு,

நேற்றுக் காலை, நாம் பெயின்ட் அடிக்கும் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து சாரம் சரிந்து, கீழே தெருவில் நடந்து போன தையல்காரரின் கால் முறிந்துவிட்டது.

அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கிற இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஓடினேன். அந்த ஆபீஸ் பெண் காகிதத்தைப் புரட்டினாள்.

"ரெண்டு மாடி வரைக்கும்தான் வேலைன்னு எழுதியிருக்கீங்களே சார்?"

"பிரீமியம் குறையும்னு எழுதினேன்மா."

"அப்ப நாலாவது மாடி உங்க தலையில."

விண்ணப்பத்தில் நீ நாலு மாடி என்று எழுதியதை அடித்தவன் நான்தான். அந்தச் சண்டையில்தானே அண்ணன் வீட்டுக்குப் போனாய். உப்பை எங்கே வைத்திருக்கிறாய்?

தையல்காரரின் மனைவி கோர்ட்டுக்குப் போகிறேன் என்றார், ஈடாக நம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். மூன்று மணி நேரம் பேசி முடித்தேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நம்முடையது. தையல்காரர் மறுபடி மெஷின் மிதிக்கும்வரை மாத வருமானமும் தரவேண்டும். அதற்காக நம் லாரியை விற்கிறேன். உன் பேரிலுள்ள வீடு உன்னுடையதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்