உழாத வயலைச் சுற்றி ஒரு சால்

12 செப்டம்பர்
கஹூல் சந்தைக்குப் பாதி வண்டிதான் நிரம்பியது. மூன்றாம் வருடமாக மக்காச்சோளம் கருகிவிட்டது. தெருவெல்லாம் பூட்டிய வீடுகள்; ஆட்கள் இத்தாலியில். விளைச்சல் இல்லாத ஊரில் என்னைப் போன்ற தானிய வியாபாரிக்கு என்ன வேலை?

விவசாயி இலாரியோனிடம் பேசிவிட்டேன். கோதுமை அறுத்த தாளை அப்படியே விடு, உழாதே, எரிக்காதே. தாள் மூடியிருந்தால் மண்ணில் ஈரம் நிற்கும். வசந்தத்தில் உழாமலே கொண்டைக்கடலை விதைப்போம். விதைக்கிற இயந்திரம் என் பொறுப்பு. விளைவதை நானே வாங்கிக்கொள்கிறேன்.

"ஊரே சிரிக்கும்க்கா. உழாம போட்டவனுக்கு இங்க பொண்ணுகூடக் குடுக்கமாட்டாங்க."

"உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே."

"அவதான் இத்தாலியில, படுவாவுல, யாரோ கிழவிக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருக்கா. இந்தத் தடவையும் பொய்ச்சா நானும் கதவப் பூட்டிருவேன்."

நான் தருமம் செய்யவில்லை. எனக்குச் சரக்கு வேண்டும்.

2 அக்டோபர்
சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

8 நவம்பர்
புனிதர் தூமித்ரு திருநாள். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! இன்று முதல் வசந்தம் வரை, கலப்பை படாத நிலம் ஊர் ஆடுகளுக்கெல்லாம் பொது. பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம் — எப்படி மறந்தேன்? மேய்ப்பர் தோதெர் மந்தையோடு இலாரியோன் வயலுக்குள். ஒரு மூலைத் தாள் போயே போச்சு. கத்தினேன்.

"உழுதிருந்தா நான் ஏன் வரப்போறேன்? வழக்கத்த மாத்த நீ யாரு, சூரியகாந்தி விதை வித்தவ?"

விற்றேன்தான். பஸ் நிலையத்தில், காகிதப் பொட்டலத்தில். அதனால் என்ன?

9 நவம்பர்
வழக்கத்தோடு மோதி ஜெயிக்க முடியாது. அதையே நம் பக்கம் திருப்ப வேண்டும். விடிந்ததும் இலாரியோனைக் குதிரை பூட்டச் சொன்னேன். வயலைச் சுற்றி ஒரே ஒரு உழவுச் சால்.

"உழாதேன்னதும் நீதான், உழுன்னதும் நீதான். உன்னைய ஒருதடவ பாதிரியார்கிட்ட காட்டணும்க்கா."

தோதெர் வந்தார். சாலின் முன் நின்றார். கலப்பை கீறிய கோட்டைத் தாண்டுகிற மேய்ப்பன் எங்கள் பக்கம் பிறந்ததில்லை. "வியாபாரி புத்தி!" என்று துப்பிவிட்டு மந்தையைத் திருப்பினார்.

20 ஏப்ரல்
விதைத்தாயிற்று. இனி வானம் பார்த்துக்கொள்ளட்டும் — இல்லை, மண் பார்த்துக்கொள்ளட்டும்.

5 ஜூலை
மே மாதத்திலிருந்து ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வயல்களில் மக்காச்சோளம் சுருள்கிறது. இலாரியோன் வயலில் தாளை விலக்கி விரலை விட்டேன். ஈரம்! ஆடு மேய்ந்த மூலையில் மட்டும் மண் வெடித்து, செடி செத்துக் கிடக்கிறது. ஆடுகளே நமக்குச் சாட்சி சொல்லிவிட்டன.

14 ஆகஸ்ட்
கடலை என் களஞ்சியத்துக்கு வந்தது. இலாரியோன் கதவைப் பூட்டவில்லை. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து இயந்திரத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். "சும்மா கேட்டேன்" என்கிறார்கள். சும்மாவா?

8 நவம்பர்
தோதெர் கம்போடு வந்து நின்றார். "ஊரெல்லாம் கோடு கிழிச்சு வெச்சிருக்கானுங்க. என் ஆட்ட எங்க மேய்க்க? உன் தலையிலயா?"

நியாயம்தான். களஞ்சியத்துப் பின்னால் குவிந்த கடலைத் தொலியையும் உடைசலையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு ஆட்டுப்பட்டி எரு வயல்களுக்கு வரட்டும் என்றேன். முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இந்த வருடச் சாலுக்கு இலாரியோன் கலப்பை பிடிக்க, குதிரையை முன்னால் நடத்தியவள் சவேதா, அவன் மனைவி. விடுப்பில் வந்தவள். படுவாவுக்கு எப்போது திரும்புகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. அவளே குதிரையை நிறுத்தி, அடுத்த வருடக் கடலைக்கு விலை கூட்டச் சொல்லி என்னோடு மல்லுக்கட்டினாள். விடாக்கண்டி. கடைசியில் விட்டுக்கொடுத்தேன்.

புறப்படுகிறவள் அடுத்த வருட விலைக்குப் பேரம் பேசமாட்டாள்.